இலைக்குப் புகைபோக்கி உண்டு, லயத்துக்கு இல்லை

சென்ற மாதம் டொரன்டோவிலிருந்து பழைய நண்பரொருவர் தொலைபேசியில் பேசினார். வட்டகொடையில் ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்களில் பிறந்தவர்கள் நாங்கள். அவர் எண்பதுகளின் நடுப்பகுதியில் கடல் கடந்தார். நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்து சேர்ந்தேன்.

அண்மையில் அவர் அங்கு வீடொன்று வாங்கியிருக்கிறார். வாங்கிய கையோடு நிலக்கீழ் அறையில் சிறு கருவியொன்றை வைத்து மூன்று மாதம் காற்றைச் சோதித்திருக்கிறார்கள். ரேடன் என்ற வாயு, கனமீற்றர் ஒன்றுக்கு 260 பெக்கரல் என்று முடிவு வந்ததாம். கனடா அரசு வகுத்திருக்கும் எல்லை 200. உடனே ஆள் வந்து தரையைத் துளைத்து, குழாய் பதித்து, மின்விசிறி பொருத்தி, தரைக்கடியில் தேங்கும் காற்றை இழுத்து வெளியே விடும்படி செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். செலவு மூவாயிரம் டொலர்.

எல்லாம் சொல்லி முடித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "நாங்கள் பிறந்த லயத்திலும் இந்தச் சனியன் இருந்திருக்குமோ? நீ எழுதுகிறவன்தானே, இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதேன்."

அவர் கேட்டபடியே எழுதுகிறேன். ஆனால் அவர் எதிர்பார்த்த கட்டுரையாக இது அமையுமா என்பது சந்தேகமே.

முதலில் ரேடனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாறையிலும் மண்ணிலும் இயல்பாகவே சிறிதளவு யுரேனியம் உண்டு. அது சிதைந்து ரேடியமாகி, ரேடியம் சிதைந்து ரேடனாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. திறந்த வெளியில் காற்றோடு கலந்து போய்விடும். குளிருக்குப் பயந்து கதவையும் சன்னலையும் இறுக்கிச் சாத்திய வீட்டுக்குள் தரையின் வெடிப்புகள் வழியே புகுந்தால் அங்கேயே தங்கும். மூச்சோடு உள்ளே போய் நுரையீரலுக்குள் கதிர்வீச்சை வெளியிடும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1988இலேயே இதனைப் புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களின் முதலாவது பட்டியலில் சேர்த்தது. 2009இல் அந்நிறுவனம் வெளியிட்ட கைந்நூல், நாட்டுக்கு நாடு வேறுபட்டாலும் நுரையீரல் புற்றுநோய்களில் 3 முதல் 14 சதவீதம் வரை ரேடனால் ஏற்படுகின்றன என்று கணித்தது. முடியுமானவரை 100 பெக்கரலுக்குள் வைத்திருங்கள், எக்காரணம் கொண்டும் 300ஐத் தாண்ட விடாதீர்கள் என்றும் அறிவுறுத்தியது.

இந்த விடயம் உலகின் கவனத்துக்கு வந்த விதம் சுவையானது. 1984ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அணுமின் நிலையமொன்றில் பணிபுரிந்த ஸ்டான்லி வாட்ரஸ் என்ற பொறியியலாளர், வேலைத்தலத்தின் கதிர்வீச்சுக் கருவியைக் கடக்கும்போதெல்லாம் அபாய மணி ஒலித்தது. அந்த அணு உலையோ அப்போது இயங்கத் தொடங்கவேயில்லை. விசாரித்துப் பார்த்தால் கதிர்வீச்சு அவர் வீட்டிலிருந்து வந்திருக்கிறது! பிற்பாடு அமெரிக்கா வகுத்துக்கொண்ட எல்லையைவிட அறுநூறு மடங்குக்கும் மேலான ரேடன் அவர் வீட்டில் இருந்தது. ஒருவருக்காக ஒலித்த மணியால் ஒரு தேசமே விழித்துக்கொண்டது. இன்று அங்கு வீடு வாங்குவோரும் விற்போரும் ரேடன் சோதனையைப் பற்றிக் கேட்காமல் இருப்பது அரிது.

ஒரு வீட்டுக்குள் காற்று கெட்டிருக்கிறதா என்று அளப்பதும், கெட்டிருந்தால் குழாய் வைத்து வெளியேற்றுவதும் நாகரிக சமூகமொன்றின் கடமை. நண்பருக்கு அந்தக் கடமை நிறைவேற்றப்பட்டது. அவரது பெரியம்மா இன்னும் வாழும் வட்டகொடை லயத்துக்கு அது நிறைவேற்றப்பட்டதா? இதுவே என் கேள்வி. அங்கே கருவி எதுவும் தேவையில்லை. அந்த வீட்டில் தேங்குவது கண்ணுக்குத் தெரிகிறது, மூக்கில் ஏறுகிறது, சுவரில் கரியாகப் படிந்திருக்கிறது. அது விறகுப் புகை.

வட்டகொடை, தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டர்னுக்கும் இடைப்பட்ட சிறு புகையிரத நிலையம். கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கு மேல். உடரட்ட மெனிக்கேயில் போகிற உல்லாசப் பயணிகள் யன்னலுக்கு வெளியே கைத்தொலைபேசியை நீட்டிப் படம் பிடிக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. பச்சைப் பசேலென்ற மலைச்சரிவு, நடுவே தகரக் கூரைகளின் நீண்ட வரிசை, கூரையின் இடுக்குகளிலிருந்து மெல்ல எழும் நீலப் புகை. படத்துக்கு அழகாகத்தான் இருக்கும். அந்தப் புகை கூரை இடுக்கால் ஏன் வருகிறது என்று எந்தப் பயணி கேட்கப் போகிறார்? வேறு வழியில்லாததால் வருகிறது ஐயா!

லயத்தின் அமைப்பை அறியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஒரு காம்பரா. முன்னால் இஸ்தோப்பு என்று அழைக்கப்படும் சிறு விறாந்தை. இப்படிப் பத்து, பன்னிரண்டு காம்பராக்கள் ஒரே கூரையின் கீழ் ஒட்டி நிற்கும். இரட்டை லயமென்றால் முதுகோடு முதுகு ஒட்டிய இரு வரிசைகள். பின்சுவர் அடுத்த குடும்பத்தின் பின்சுவர், ஆகவே பின்பக்கம் சன்னல் வைக்க இடமேயில்லை. காற்று வருவதும் போவதும் முன்வாசலால் மட்டுமே. குடும்பம் பெருகியபோது இஸ்தோப்பைத் தகரத்தால் அடைத்துச் சமையலறையாக்கினார்கள். அந்த ஒரே வாசலும் அடுப்புக்கு நேரெதிரானது. அடுப்புக்குப் பக்கத்தில் தொட்டில், தொட்டிலுக்கு அப்பால் படுக்கை.

எரிப்பதற்குக் கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி, மலையில் பொறுக்கிய சுள்ளி. அதிலும் மலைநாட்டு மழையில் ஈரம் உலராத விறகு. கொழுந்து பறித்து முடித்து, விறகுக் கட்டைத் தலையில் சுமந்து வந்து, அதை ஊதி ஊதிப் பற்றவைப்பவள் பெண். விடியற்காலை நாலரைக்கு ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. முதுகில் அல்லது மடியில் பிள்ளை.

இப்போது அதே தோட்டத்தின் தொழிற்சாலைக்கு வாருங்கள். அங்கேயும் விறகு எரிகிறது. தேயிலையை உலர்த்தச் சூடான காற்று வேண்டும், அதற்கு உலை வேண்டும். ஆனால் அந்த உலையின் புகை ஒரு நூலிழைகூட இலையைத் தொடுவதில்லை. உலை குழாய்களைச் சூடாக்கும், குழாய்களைச் சுற்றிவரும் தூய காற்று மாத்திரமே உலர்த்திக்குள் போகும், புகையோ உயர்ந்த புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போய்விடும். ஏன் இவ்வளவு ஏற்பாடு? தேயிலை மணத்தை விரைவில் ஈர்த்துக்கொள்ளும் பொருள். புகை வாடை ஏறிவிட்டால் கொழும்பில் சுவைபார்ப்பவர் ஒரு மிடற்றிலேயே கண்டுபிடித்துவிடுவார். விலை விழுந்துவிடும். உலர்த்தியின் குழாயில் ஓர் ஓட்டை விழுந்தால் அன்றைக்கே அதை அடைக்கிறார்கள்.

அங்கிருந்து துரை பங்களாவுக்குப் போங்கள். குளிர்காய்வதற்கென்று வரவேற்பறையில் கல் அடுப்பு. அதற்கு மேலே கூரையைத் தாண்டி நிற்கும் புகைபோக்கி. வெள்ளைக்காரன் அதைக் கட்டாமல் ஒரு பங்களாவையும் கட்டவில்லை.

ஆக, புகை கேடு என்பதும், புகையை எப்படி வெளியேற்றுவது என்பதும் இந்தத் தோட்டங்களில் நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்த விடயங்கள். இலைக்குச் செய்தார்கள். துரைக்குச் செய்தார்கள். இலையைப் பறித்தவளுக்குச் செய்யவில்லை. இதை அறியாமை என்று யாராவது சொன்னால் நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

எனது அம்மாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. முப்பது வருடங்களுக்கு மேல் கொழுந்து பறித்தவர். சுருட்டோ பீடியோ தொட்டறியாதவர். கடைசிப் பத்து வருடங்களும் இருமலோடும் இழுப்போடும் வாழ்ந்தார். ஏற்றத்தில் நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குவார். நோய் முற்றியபோது ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வைத்தியர் கேட்ட கேள்விகள் எனக்கு இன்றும் ஞாபகம்: புகைப்பிடிப்பாரா? வீட்டில் யாரும் புகைப்பிடிப்பார்களா? காசநோய் வந்ததுண்டா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். வைத்தியர் ஏதோ எழுதிக்கொண்டார். "எதில் சமைக்கிறீர்கள்?" என்று அவர் கேட்கவில்லை. சொல்ல வேண்டுமென்று எனக்கும் தோன்றவில்லை. அம்மாவிடம் கேட்டிருந்தாலும், "பொகதானே தம்பி, பழகிப்போச்சு" என்றுதான் சொல்லியிருப்பார்.

பழகிப்போனது மனம் மாத்திரமே. நுரையீரல் எதற்கும் பழகுவதில்லை.

விஞ்ஞானம் என்ன சொல்கிறது? வீட்டுக்குள் விறகு, கரி, சாணம் போன்றவற்றை எரிப்பதால் எழும் மாசினால் 2020ஆம் ஆண்டில் மாத்திரம் உலகில் 32 இலட்சம் பேர் உரிய காலத்துக்கு முன்னே இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. அவர்களில் 2 இலட்சத்து 37 ஆயிரம் பேர் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். மாரடைப்பு, பக்கவாதம், நிமோனியா, நாட்பட்ட சுவாச அடைப்பு நோய், நுரையீரல் புற்றுநோய் என்று பட்டியல் நீளுகிறது. ரேடனை முதலாம் பட்டியலில் இட்ட அதே புற்றுநோய் முகவரகம், வீட்டுக்குள் எழும் விறகுப் புகையை 2006இல் ஆராய்ந்து, புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வாய்ப்பு மிக்க பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. கண்புரையோடும் இந்தப் புகைக்குத் தொடர்பு உண்டு. மூச்சோடு உட்செல்லும் மிக நுண்ணிய துகள்கள் ஆண்டுச் சராசரியாகக் கனமீற்றருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது 2021இல் வகுக்கப்பட்ட அளவு. வழியில்லாத விறகுச் சமையலறைகளில் அது பல நூறு மைக்ரோகிராம் வரை போவதைத் தமிழ்நாடு உட்படப் பல இடங்களில் அளந்து காட்டியிருக்கிறார்கள்.

புகைபோக்கி வைத்தால் பயன் உண்டா என்பதற்கும் பதில் இருக்கிறது. குவாத்தமாலா நாட்டின் மேற்கு மலைப்பகுதி நம் மலையகத்தைப் போலவே குளிர்ந்த, வறிய பிரதேசம். அங்கே கேர்க் ஸ்மித் என்ற அறிஞரின் குழு 534 குடும்பங்களைத் தெரிந்து, பாதிப் பேருக்குப் புகைபோக்கியுள்ள அடுப்பைக் கட்டிக் கொடுத்தது. 2011இல் முடிவுகள் வெளியாகின. பிள்ளைகள் சுவாசித்த புகை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. எல்லா வகை நிமோனியாவையும் சேர்த்துப் பார்த்தபோது கண்ட குறைவு உறுதியாகச் சொல்லுமளவுக்கு இருக்கவில்லை. ஆனால் கடுமையான நிமோனியா மூன்றில் ஒரு பங்களவு குறைந்தது.

மறுபக்கத்தையும் மறைக்க மாட்டேன். தமிழ்நாட்டின் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்கள் உட்பட நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளைக் கொண்டு பின்னர் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. எரிவாயு அடுப்பு கொடுத்தபோது அவர்கள் சுவாசித்த நுண்துகள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. எனினும் 2022 முதல் வெளிவந்த முடிவுகளில் குழந்தையின் பிறப்பு நிறையிலோ நிமோனியாவிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. "பார்த்தீர்களா, நிரூபணம் இல்லையே" என்று இதைப் பிடித்துக்கொண்டு கம்பனித் தரப்பில் எவராவது வாதிடக்கூடும். அவர்களிடம் நான் கேட்பது இதுதான்: முப்பது வருடம் அடுப்பூதிய பெண்ணின் மார்புக்கு, பதினெட்டு மாத ஆய்வொன்று தீர்ப்பு எழுதிவிடுமா? தொழிற்சாலை உலைக்குப் புகைபோக்கி கட்டுமுன் எந்த ஆய்வின் முடிவுக்காகக் காத்திருந்தீர்கள்?

இன்னொரு வாதமும் உண்டு. "அது குளிர்ப் பிரதேசம், நெருப்பு அவர்களுக்குக் கதகதப்பு, புகை பூச்சியை விரட்டும், கூரையைக் காக்கும்" என்பார்கள். கதகதப்பு வேண்டும் என்பது உண்மை. பங்களாவிலும் அதே குளிர்தான். அங்கே நெருப்பு உள்ளேயும் புகை வெளியேயும் இருக்கின்றன. அதே ஏற்பாட்டைத்தான் லயத்துக்கும் கேட்கிறோம்.

"எரிவாயுவுக்கு மாறட்டுமே" என்று கொழும்பில் இருந்தபடி சொல்வது எளிது. மாறியவர்களும் இருந்தார்கள். 2021 அக்டோபருக்கு முன்னர் 12.5 கிலோ சிலிண்டர் 1,500 ரூபாவுக்குள் கிடைத்தது. அவ்வாண்டின் இறுதியில் சிலிண்டர்களால் வெடிப்புகள் நேர்ந்து மக்கள் பயந்தார்கள். 2022 ஏப்ரல் இறுதியில் விலை 4,860 ரூபா. அப்போது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா. ஏறத்தாழ ஐந்து நாள் கொழுந்து ஒரு சிலிண்டர்! மாறியவர்கள் மீண்டும் விறகுக்குத் திரும்பியதில் வியப்பென்ன? நாட்டிலும் 2012 குடிசன மதிப்பீட்டின்படி முக்கால் பங்குக்கு மேற்பட்ட வீடுகளில் விறகே பிரதான எரிபொருள். ஆனால் கிராமத்து வீட்டுக்குத் தனிக் குசினி உண்டு, முற்றம் உண்டு, நாலு பக்கமும் காற்று உண்டு. லயத்துக்கு ஒரு பக்கம் மட்டுமே.

மின்சாரத்தைப் பற்றி நினைக்கும்போது வேதனைதான் மிஞ்சுகிறது. வட்டகொடைக்குப் பக்கத்திலே தலவாக்கலையில் அணை கட்டி, 2012இல் மேல் கொத்மலை நீர்மின் நிலையத்தைத் திறந்தார்கள். 150 மெகாவாற்று. அந்த ஆற்றங்கரைத் தோட்டங்களின் பெண்கள் இன்றும் ஈரச் சுள்ளியை ஊதிக்கொண்டிருக்கிறார்கள்.

எண்பதுகளில் அனகி என்ற இரண்டு வாய்க் களிமண் அடுப்பை நாட்டில் பரப்பினார்கள். நல்ல அடுப்பு. விறகை மிச்சப்படுத்தியது. ஆனால் அதற்கும் புகைபோக்கி கிடையாது. விறகைச் சேமிப்பது பற்றி யோசித்த அளவுக்கு நுரையீரலைச் சேமிப்பது பற்றி யோசிக்கவில்லை.

"லயங்களே போகப்போகின்றன, புதிய வீடுகள் வருகின்றன, பழைய சுவரில் எதற்குச் செலவு?" என்பதுதான் எல்லாவற்றிலும் கொடிய வாதம். 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போனது. அதே ஆண்டில் வீடமைப்புக்கும் நலன்புரிக்கும் தொடங்கிய அமைப்பே இன்றைய பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம். 2015க்குப் பின்னர் ஏழு பேர்ச் காணியில் தனிவீடு என்றார்கள். இந்திய உதவியில் 4,000 வீடுகள். 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 என்று அறிவித்தார். வரவேற்கிறேன். ஆனால் வீடு தேவைப்படும் குடும்பங்கள் இலட்சத்துக்கும் அதிகம். இந்த வேகத்தில், இன்று தொட்டிலில் கிடக்கும் பிள்ளையின் பிள்ளைக்கும் லயந்தான். வீடு வரும்வரை மூச்சு விடாமல் இருக்கச் சொல்கிறீர்களா?

தொழிற்சங்கத் தலைமைகளையும் விட்டுவிட முடியாது. கூட்டு ஒப்பந்தங்கள் பேசப்பட்ட காலத்தில் அந்தப் பேச்சுவார்த்தைகளைச் செய்தியாக்கியவன் நான். சம்பளம், கொழுந்தின் நிறை, வேலை நாள் எல்லாம் பேசினார்கள். எல்லாம் தேவையானவையே. புகைபோக்கி என்ற சொல்லை ஒரு தடவையாவது கேட்டு எழுதியதாக எனக்கு நினைவில்லை. பேசியவர்கள் ஆண்கள். எழுதிய நானும் ஆண். அடுப்படியில் இருந்தவர்கள் மேசைக்கு அழைக்கப்படவில்லை.

என் குற்றத்தையும் சேர்த்தே சொல்கிறேன். பிரஜாவுரிமை பற்றி எழுதினேன், காணியுரிமை பற்றி எழுதினேன், 2023இல் மலையகம் இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்தபோது பக்கம் பக்கமாக எழுதினேன். அம்மாவைக் கொன்றதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. கனடாவில் ஒருவருடைய நிலக்கீழ் அறையில் ஒரு கருவி எண்ணொன்றைக் காட்ட வேண்டியிருந்தது, எனக்கு இது உறைக்க.

ஆகவே கேட்கிறேன். ஒவ்வொரு லயக் காம்பராவின் அடுப்புக்கும் மேலே ஒரு தகரக் கூண்டும், கூரையைத் தாண்டும் குழாயும் வேண்டும். தொழிற்சாலைக் குழாயைச் செப்பனிடும் அதே தகர வேலைக்காரரால் இதைச் செய்ய முடியும். இனிக் கட்டப்படும் எந்தத் தோட்ட வீட்டின் வரைபடத்துக்கும், சமையலறையில் புகைபோக்கியும் எதிரெதிர்ச் சன்னல்களும் இல்லாமல் அனுமதி வழங்கக்கூடாது. தோட்ட வைத்திய நிலையங்களில் இருமலோடு வரும் ஒவ்வொரு பெண்ணிடமும், ஒவ்வொரு பிள்ளையின் தாயிடமும் "எதில் சமைக்கிறீர்கள், புகை எங்கே போகிறது" என்று கேட்டுப் பதிய வேண்டும். லயங்களின் காற்றை அளந்து அந்த எண்களை வெளியிட வேண்டும். அப்படியே ரேடனையும் அளக்கட்டும், நல்லதுதான். புகைக்கு வழி விட்ட கூரை அதற்கும் ஓரளவு வழி விடும்.

நண்பருக்கு மறுபடி பேசி இவ்வளவையும் சொன்னேன். நீண்ட நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "பெரியம்மா வீட்டுக்கு ஒரு குழாய் போட எவ்வளவு முடியும்? நாளைக்கே காசு அனுப்புகிறேன்" என்றார்.

அனுப்புங்கள், பெரியம்மாவின் மூச்சு நியாயம் கிடைக்கும்வரை காத்திராது என்றேன். ஆனால் தகரக் கடைக்காரர் தரும் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். அதன் பிரதியொன்றைத் தோட்ட அலுவலகத்துக்கும், இன்னொன்றைத் தொழிற்சங்கத்துக்கும் நானே பதிவுத் தபாலில் அனுப்பப் போகிறேன். அந்தக் கடன் அவர்களுடையது.